குன்னூரிலிருந்து சவுத் ஷீல்ட்ஸ் வரும் தம்பிக்கு

கப்பலில் பணிக்காலம் முடிந்து இறங்கி (சைன் ஆஃப் ஆகி) குன்னூரில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கப்பல் செகண்ட் இன்ஜினியர் தேர்வுக்கு ஜனவரியில் இங்கிலாந்து வருகிறேன். இன்ஜின் ரூம் வேலை கைவசம் இருக்கிறது, விசையையும் இயக்கத்தையும் கணக்கிடும் அப்ளைடு மெக்கானிக்ஸ் பாடம்தான் பயமாக இருக்கிறது. அங்கே வந்து வகுப்பில் பார்த்துக்கொள்ளலாமா அண்ணா? குளிர் தாங்குமா?"

தம்பி, நான் கோத்தகிரிக்காரன். கப்பல் வேலையை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரை ஊரான இந்த சவுத் ஷீல்ட்ஸிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டேன். குளிர் பெரிய விஷயமில்லை, உறைபனி நமக்குப் புதிதா என்ன? வடகடல் காற்றும் சீக்கிரம் கவியும் இருட்டும்தான் புதிது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். நல்ல காற்றுத்தடுப்புக் கோட்டு ஒன்று போதும்.

மெக்கானிக்ஸை மட்டும் இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வகுப்பு வேகமாக ஓடும், வாடகையும் ஓடும். அடிப்படையை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

பழைய வினாத்தாள்களின் விடைகளை மனப்பாடம் செய்யும் வழக்கம் நம் பையன்களிடம் உண்டு. அது இங்கே உதவாது. பயன்படுத்தும் சூத்திரத்தையும் இடைப்பட்ட படிகளையும் எழுதிக் காட்டச் சொல்லித்தான் வினாத்தாளே கேட்கும். அதனால் எந்தக் கணக்கிலும் முதலில் படம் வரையுங்கள், விசைகளை அம்புக்குறியிட்டுக் குறியுங்கள். மில்லிமீட்டரை மீட்டராக்கிய பிறகு சூத்திரத்தில் போடுங்கள்.

உங்கள் ஊரிலேயே அருமையான பாடம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை வண்டி வரும்போது குன்னூர் ஸ்டேஷனுக்குப் போய் அந்த நீராவி இன்ஜினைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு ஜோடி சிலிண்டர் சக்கரங்களைச் சுழற்றும், இன்னொரு ஜோடி பல்சக்கரங்களை. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் எல்லாம் கண்ணெதிரே அசையும். கல்லாரிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12க்கு 1. ஒரு டன் எடையை அந்தச் சரிவு கீழே இழுக்கும் விசை எவ்வளவு? ஏறத்தாழ 815 நியூட்டன். உராய்வை விட்டுவிட்டால், மணிக்கு 10 கிலோமீட்டரில் அதை மேலே தள்ள டன்னுக்குச் சுமார் 2.3 கிலோவாட் வேண்டும். இதை நீங்களே போட்டுப் பாருங்கள். அப்புறம் உராய்வைச் சேருங்கள், ஈரமான தண்டவாளத்தில் உராய்வுக் குணகம் குறைந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அந்தப் பல்தண்டவாளம் எதற்கு என்பது கணக்கிலிருந்தே புரியும்.

சுழலும் தண்டு (ஷாஃப்ட்) முறுக்கப்படும் கணக்கையும் இப்படியே பிடியுங்கள். வெளிவிட்டத்தில் பாதி அளவுக்கு உள்ளே துளையிட்ட ஷாஃப்டின் எடை கால்பங்கு குறையும், முறுக்கைத் தாங்கும் வலிமையோ பதினாறில் ஒரு பங்குதான் குறையும். விட்டத்தின் நான்காம் அடுக்கு செய்யும் வேலை இது. இதைச் சூத்திரத்திலிருந்து நீங்களே வருவித்துவிட்டால் ஷாஃப்ட் கணக்கு எதுவும் மிரட்டாது. வளைவு, மெல்லிய சிலிண்டர், அதிர்வு இவற்றுக்கும் அதே வழிதான். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கணக்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். இங்கே ஓஷன் ரோடில் நம் பக்கத்துக் கறி வகைகள் பரிமாறும் உணவகங்கள் நிறைய. நம் ரசம் மட்டும் கிடைக்காது, பொடி கொண்டு வாருங்கள்.

வாய்மொழித் தேர்வை (ஓரல்) நடத்துவது எம்சிஏ என்ற பிரிட்டிஷ் அரசின் கடல்சார் அமைப்பு. நீங்கள் தகுதியானவர் என்ற அவர்களின் நோட்டீஸ் கையில் இல்லாமல் அதற்கு உட்கார முடியாது. கடல் சேவைச் சான்றுகளில் கப்பலின் இன்ஜின் கிலோவாட், சேர்ந்த தேதி, இறங்கிய தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் கம்பெனியிடம் குன்னூரிலிருந்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.