வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்ற இணையவழி டாங்கிப் போர் விளையாட்டில் வரும் ஆப்ஜெக்ட் 279 உண்மையிலேயே அவ்வளவு வலிமையான டாங்கியா? அப்படியானால் சோவியத் ஒன்றியம் அதை ஏன் தயாரிக்கவில்லை?

நேருக்கு நேர் நின்று சுட்டால் குண்டுகள் எல்லாம் தெறித்துப் போகின்றன, இதெல்லாம் நிஜமா, நிஜமென்றால் ஏன் படையில் சேர்க்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கவசம் பெரும்பாலும் நிஜம்தான். ஆனால் அந்த டாங்கி எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தத் தேவையும், எதனால் கைவிடப்பட்டதோ அந்தக் குறைகளும் விளையாட்டுக்குள் வருவதே இல்லை. இரண்டையும் கழித்துவிட்டு மிஞ்சிய உருவத்தோடுதான் நாம் மோதிக்கொண்டிருக்கிறோம்.

1950களின் நடுவில் சோவியத் ராணுவம் 130 மி.மீ. பீரங்கி பொருத்திய, 50 முதல் 60 டன் வரை எடையுள்ள புதிய கனரக டாங்கி ஒன்றைக் கேட்டது. லெனின்கிராடில் இருந்த கிரோவ் ஆலையிலிருந்து 277, 279 ஆகிய வடிவமைப்புகளும், செல்யாபின்ஸ்க் ஆலையிலிருந்து 770 என்ற வடிவமைப்பும் போட்டியிட்டன. இவற்றுள் எல். எஸ். த்ரோயனோவ் தலைமையில் உருவான 279 மற்ற இரண்டிலிருந்தும் முற்றிலும் விலகிய பாதையில் சென்றது. 1957இல் தொடங்கிய வேலை 1959இல் முழுமையான ஒரு முன்மாதிரியாக முடிந்தது. எடை 60 டன்; 1000 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின்; சாலையில் மணிக்கு 55 கி.மீ. வேகம், நான்கு பேர் கொண்ட குழு, 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள குண்டுகளைச் சுடும் எம்-65 பீரங்கி. விளையாட்டில் நாம் ஓட்டுவது இதன் தொடக்கநிலை வரைவை ஒட்டிய வடிவம் என்பதால்தான் பெயரோடு 'ஏர்லி' என்ற அடைமொழி வருகிறது.

அதன் விசித்திரமான தோற்றத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அணுகுண்டு வெடித்த களத்திலும் இயங்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. நான்கு பெரிய வார்ப்புத் துண்டுகளைப் பற்றவைத்து உருவாக்கிய உடற்பகுதியைச் சுற்றி மெல்லிய தகடுகளைப் பொருத்தி, மொத்த உருவத்தையும் ஆமை ஓடு போல நீள்வட்டமாக்கியிருந்தார்கள். வெடிப்பின் அதிர்வலை டாங்கியைப் புரட்டிவிடாமல் வழுக்கிச் செல்வதற்கும், வெடிப்பில் பிறக்கும் உலோகத் தாரையால் கவசத்தைத் துளைக்கும் ஹீட் வகைக் குண்டுகள் பிரதான கவசத்தைத் தொடுவதற்கு முன்பே வெடித்துவிடுவதற்கும் அந்தத் தகடுகள் உதவும். உடற்பகுதியின் முன்புறக் கவசம் அதிகபட்சமாக 269 மி.மீ.; பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதியான டரட்டில் அது 300 மி.மீட்டரைத் தாண்டும். இரண்டாவது காரணம் சேறு. மற்ற டாங்கிகள் புதைந்துபோகும் சதுப்பு நிலத்திலும் ஆழமான பனியிலும் செல்வதற்காக இதற்கு இரண்டுக்குப் பதில் நான்கு சங்கிலிப் பட்டைகளைக் கொடுத்தார்கள். வயிற்றுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு உள்ளீடற்ற விட்டங்களின் இருபுறமும் அந்தப் பட்டைகள் அமைந்திருந்தன. அந்த விட்டங்களே எரிபொருள் தொட்டிகளாகவும் பயன்பட்டன என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. இந்த ஏற்பாட்டால் 60 டன் எடையிலும் தரையின் மீதான அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிலோ என்ற அளவிலேயே நின்றது.

விளையாட்டில் அணுகுண்டு இல்லை. சேறு உண்டு என்றாலும், தரையைக் கடினம், நடுத்தரம், மென்மை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு டாங்கிக்கும் ஒவ்வொரு தரைக்கும் ஓர் எண்ணை ஒதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்த நான்கு பட்டைகளின் பயன் ஓர் அட்டவணையின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. அணுகுண்டுக்காக வளைத்த உருவமோ விளையாட்டின் கவச விதிகளுக்கு அளவெடுத்துத் தைத்ததைப் போலப் பொருந்திவிடுகிறது. சாதாரணக் கவசத்துளைப்புக் குண்டு 70 பாகைக்கும், ஹீட் குண்டு 85 பாகைக்கும் மேற்பட்ட சாய்வில் பட்டால் தெறித்துவிடும் என்பது விதி. ஹிமெல்ஸ்டார்ஃப் வரைபடத்தின் ரயில் தண்டவாளப் பகுதியில், டி110இ5 என்ற அமெரிக்கக் கனரக டாங்கியோடு இதன் எதிரே நின்று பார்த்திருக்கிறேன். அது உடலை இலேசாகத் திருப்பி நிற்கும்போது, குறிவட்டத்தை மூக்கிலிருந்து விலாப்பக்கம் வரை நகர்த்தினாலும் நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையிலேயே அலைகிறது, பச்சையாவதில்லை (பச்சை என்றால் குண்டு துளைக்க வாய்ப்பு அதிகம், மஞ்சள் என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் வாய்ப்பு மிகக் குறைவு). மஞ்சளை நம்பிச் சுட்டால், துளைப்புத்திறனில் விளையாட்டு சேர்க்கும் 25 சதவீத ஏற்ற இறக்கம் நம் பக்கம் சாய வேண்டும். பெரும்பாலும் சாய்வதில்லை.

நிஜத்தில் இந்த டாங்கியைத் தோற்கடித்தது எதிரியின் குண்டு அல்ல, அதன் அடிப்பகுதிதான். நான்கு பட்டைகளோடு திரும்புவதற்கு அளவுக்கு மீறிய சக்தி தேவைப்பட்டது. பிசுபிசுப்பான மண்ணில் எஞ்சின் சக்தி கணிசமாக வீணானது. பாகங்கள் வேகமாகத் தேய்ந்தன. எல்லாவற்றையும் விட, உட்பக்கப் பட்டை ஒன்று அறுந்தால் 60 டன் இரும்புக்கு அடியில் கையை விட்டு அதை எப்படிக் கோப்பது என்ற கேள்விக்குக் களத்தில் நல்ல விடை இருக்கவில்லை. விளையாட்டிலோ அறுந்த பட்டையைக் குழுவினர் சில நொடிகளில் சரிசெய்துவிடுகிறார்கள். பழுதுபார்க்கும் பெட்டி கையில் இருந்தால் அந்த நொடிகளும் தேவையில்லை. செலவு, தயாரிப்புச் சிக்கல், பயிற்சி என எதுவும் ஆட்டக்காரரின் தலையில் விழுவதில்லை.

காலமும் மாறிவிட்டிருந்தது. சுமார் 400 மி.மீ. எஃகைத் துளைக்கக்கூடிய எஸ்எஸ்.10 என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணையை பிரெஞ்சு ராணுவம் 1955இலேயே படையில் சேர்த்துவிட்டது. ஒரு வீரன் இயக்கக்கூடிய ஆயுதத்தின் முன்னால் கவசத்தை மேலும் தடிப்பாக்குவதில் பொருள் குறைந்துகொண்டே வந்தது. ஏவுகணைகளில் பெரும் நம்பிக்கை வைத்திருந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் 1960 ஜூலையில் 37 டன்னுக்கு மேற்பட்ட புதிய டாங்கிகளுக்குத் தடை போட்டதோடு 277, 279, 770 மூன்றின் கதையும் முடிந்தது. அவருடைய முடிவைப் பலர் அவசரம் என்று குறை சொல்வார்கள். 279ஐப் பொறுத்தவரை அந்த முடிவு வராவிட்டாலும் அது தொழிற்சாலை வாசலைத் தாண்டியிருக்காது என்பது என் கருத்து. எஞ்சிய ஒரே முழுமையான வண்டி மாஸ்கோவுக்கு அருகில் கூபின்காவில் உள்ள டாங்கி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

விளையாட்டில் இதை எதிர்கொள்ள வேண்டியிருந்தால், நேருக்கு நேர் நின்று கோல்டு குண்டுகளை (துளைப்புத்திறன் கூடிய விலை உயர்ந்த குண்டுகளை) வீணாக்காதீர்கள். சோவியத் கனரக டாங்கிகளுக்கே உரிய குறையாக, இதன் பீரங்கிக் குழலும் அதிகம் கீழே தாழாது. மேடான முகடுகள் உள்ள வரைபடத்தில் அதை ஏறி வரச் செய்தால் தன்னை நிறையக் காட்டிக்கொண்டுதான் சுட முடியும். சமதளத்தில் சிக்கினால் பட்டையை அறுத்து நிறுத்தி வைத்து, பக்கவாட்டுக்கு ஒரு தோழரை அனுப்புங்கள். இதையே சொந்தமாக்கிக்கொள்ள விரும்புபவர், இதைப் பரிசாகத் தரும் இரண்டாம் பிரசாரத்தின் (விளையாட்டின் பணித் தொடரின்) நீண்ட தனிப்பட்ட மிஷன்களில் இறங்குவதற்கு முன், டி-10 டாங்கி வழியாக விளையாட்டுக்குள் ஆராய்ந்தே பெறக்கூடிய 277ஐ ஓட்டிப் பார்ப்பது நல்லது. 55 டன் எடையும் வழக்கமான இரண்டு பட்டைகளும் கொண்ட அந்த டாங்கிதான் மூன்றில் தயாரிப்புக்குத் தகுதியானதாக இருந்தது என்று நினைக்கிறேன். விளையாட்டிலும் அதன் கவசம் குறைவு என்பதால் ஓட்டுபவரின் திறமைக்கு அங்கே கூடுதல் வேலை இருக்கிறது.