உஸ்ஸங்கொடவில் மரம் வளராததற்கு அனுமன் வைத்த தீ காரணமா, விண்கல் காரணமா?

இரண்டும் இல்லை. மண்தான் காரணம்.

கதிர்காமம் போகிற வழியில், தங்காலை தாண்டி, அம்பலாந்தோட்டைக்கு முன்னால் இலங்கையின் தெற்குக் கடலோரமாக இருக்கிறது உஸ்ஸங்கொட. பரப்பு சுமார் 349 ஹெக்டேயர். 2010இல் தேசியப் பூங்காவானது. யால தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களுக்கு இது பூங்கா மாதிரியே தெரியாது. முட்புதர்க் காட்டுக்குள் நடந்து வெளியே வந்தால் திடீரென்று செங்கல் நிறத்தில் ஒரு வெட்டவெளி. செடிகள் கணுக்கால் உயரம்கூட இல்லாமல் தரையோடு தரையாகக் கிடக்கும். எரிந்த இடம் என்று நம்பத்தான் தோன்றும்.

அடியில் இருப்பது சர்பென்டைன் பாறை. ஹைலண்ட், விஜயன் என்ற இரண்டு பாறைத் தொகுதிகள் சந்திக்கும் கோட்டை ஒட்டி யுதகனாவ, கினிகல்பெலஸ்ஸ போன்ற இடங்களிலும் இது தலைகாட்டுகிறது. இதில் இரும்பு, மக்னீசியம், நிக்கல், குரோமியம் எல்லாம் அதிகம், கல்சியம் குறைவு. இரும்பு துருப்பிடித்துத்தான் மண் சிவக்கிறது. மக்னீசியம் மிஞ்சினால் வேரால் கல்சியத்தைச் சரியாக எடுக்க முடியாது. நிக்கலோ நஞ்சு. அப்புறம் ஆழமில்லாத மண், உப்புக் காற்று, அம்பாந்தோட்டை வெயில். மரம் எங்கே நிமிர்வது?

எனக்குப் பிடித்தது அங்கே தாக்குப்பிடிக்கும் செடிகளைத்தான். நான் போனபோது பெரியம்மாவும் கூட வந்திருந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இது விஷ்ணுகிரந்தி எல்லே? கொஞ்சம் பிடுங்குவமே" என்றார். சரியாகத்தான் அடையாளம் கண்டார். இராவணன் விமானம் இறங்கியதாகச் சொல்லும் இடத்தில் விஷ்ணு பெயரில் ஒரு செடி! ஓரிதழ்த்தாமரையும் அங்கே உண்டு. இரண்டும் நாட்டு மருந்துச் செடிகள். ஆனால் உஸ்ஸங்கொடவில் இவை மண்ணிலுள்ள நிக்கலை உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காய்ந்த இலை ஒரு கிராமில் 1000 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் இருந்தால் அதை மிகைத்திரட்டி என்பார்கள். சாதாரணச் செடிகளில் பெரும்பாலும் 10ஐத் தாண்டாது. இந்த இரண்டும் அங்கே மிகைத்திரட்டிகள். அதே செடி வேறு மண்ணில் வளர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

தேசியப் பூங்காவில் செடி பிடுங்குவது குற்றம் என்று சொல்லிப் பெரியம்மாவை நிறுத்தினேன். நிக்கல் விஷயத்தைத் திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் சொன்னேன். அம்பலாந்தோட்டை வரைக்கும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார்.