கடெற்றுக்குப் பேர் கொடுத்த மகள்

கேள்வி: மகள் தரம் 9 படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கடெற் பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நாளைக்கு ஆமிக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவள் அப்பா சத்தம் போடுகிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அனுப்பலாமா?
- ஒரு தாய், நோர்வூட்

பதில்: அனுப்புங்கள் அக்கா. அவருடைய பயம் எனக்குப் புரிகிறது, யுத்த காலத்தைப் பார்த்த தமிழ்க் குடும்பம் எதுவும் சீருடையைக் கண்டால் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்யும். ஆனால் கடெற்றில் சேர்வது ஆமியில் சேர்வதல்ல. இலங்கையில் கட்டாய இராணுவ சேவை கிடையாது, 18 வயதுக்குப் பிறகு தானாக விரும்பிப் போய் விண்ணப்பித்தால்தான் ஆமி. கடெற் என்பது பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த பயிற்சி, 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. பொறுப்பாக இருப்பவரும் பெரும்பாலும் அதே பள்ளிக்கூடத்து சேரோ டீச்சரோதான்.

அணிநடை, உடற்பயிற்சி, முதலுதவி, வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, பத்துப் பிள்ளைகளை வழிநடத்துவது, இதையெல்லாம் பழக்குவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பயிற்சி முகாமில் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டிவரும், கட்டளைகளும் அநேகமாகச் சிங்களத்தில்தான் இருக்கும். ஆரம்பத்தில் திணறுவாள், ஆனால் கந்தோருக்குப் போனால் வாய் திறக்கத் தயங்கி நாம் இன்னொருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அந்தத் தயக்கம் அவளுக்கு இந்த வயதிலேயே விட்டுப்போகும். நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ரந்தம்பையில் இருக்கும் பயிற்சி நிலையத்துக்கு முகாமுக்குக் கூப்பிட்டால் ஒன்றைக் கவனியுங்கள். அது மகியங்கனைப் பக்கம், மகாவலிக் கரை, நோர்வூட் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வெயில் சுள்ளென்று இருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். புதுச் சப்பாத்தை அங்கே போய்த்தான் போடுவது என்று வைக்காமல் ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழகட்டும், இல்லாவிட்டால் முதல் நாளே கால் கொப்பளித்துவிடும். இழுப்பு, வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் மறைக்காமல் டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

தரம் 11 வந்ததும் சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது, அப்போது பயிற்சியைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். சீருடை, சப்பாத்துச் செலவையும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். அப்புறம், முகாமில் பெண்பிள்ளைகளோடு இரவில் தங்கப்போகும் டீச்சர் யார் என்று அவள் அப்பாவையே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள். நேரில் பேசிவிட்டு வந்தால் வீட்டில் சத்தம் பாதி குறைந்துவிடும்.