கிட்னி புற்றுநோய்: முதலில் கத்தியா, மாத்திரையா?

வேலூரில் சிறுநீரக அறுவை மருத்துவராக இருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

குடியாத்தம் வாசகர்: அப்பாவுக்கு 61 வயது. இடது கிட்னியில் பெரிய கட்டி, இரண்டு நுரையீரலிலும் பரவியிருக்கிறது. "முதலில் மருந்து, அப்புறம் ஆபரேஷனைப் பார்க்கலாம்" என்கிறார்கள். கட்டியை உள்ளேயே விட்டுவைக்கலாமா டாக்டர்?

விட்டுவைக்கலாம் தம்பி. "முதல்ல வெட்டி எடுத்துடுங்க" என்று சொந்தக்காரர்கள் நெருக்குவார்கள், தெரியும். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். இன்டர்ஃபெரான் போன்ற பழைய புற்றுநோய் ஊசிகள் மட்டுமே இருந்தபோது, கிட்னியை எடுத்தவர்கள் சில மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். கட்டிக்கு ரத்தம் போவதைத் தடுக்கும் சுனிட்டினிப் மாத்திரை வந்தபின் கணக்கு மாறியது. பிரான்ஸ் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய கார்மீனா ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் 450 பேர். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 18.4 மாதம் தாண்டினார்கள். ஆபரேஷன் முடித்து மாத்திரை எடுத்தவர்களில் அது 13.9 மாதம். அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு, வெட்டாததால் மொத்தத்தில் நஷ்டமில்லை என்பதுதான் முடிவு. (இப்போது உடலின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய் மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி ஊசியும் சேர்ந்துவிட்டதால், இந்த மாதக் கணக்கை அப்படியே அப்பாவுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.)

காரணம் எளிது. பெரிய ஆபரேஷனிலிருந்து தேறும்வரை மருந்து தள்ளிப்போகும்; அதற்குள் நுரையீரலில் இருப்பது வளரும். மருந்தை முதலில் கொடுத்தால் நோய் அடங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். அடங்கினால் பிறகு கிட்னியை எடுக்கலாம். பலருக்கு இந்த வரிசையே நல்லது என்பது என் கருத்து.

ஆற்காடு வாசகி: என் அக்காவுக்கு மட்டும் ஆபரேஷன்தான் முதலில் என்கிறார்களே?

நுரையீரலில் ஒரே புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. ஹீமோகுளோபின், கால்சியம், பிளேட்லெட் சரியாக இருந்து, ஆளும் தெம்பாக இருந்தால் அது நியாயமான முடிவே. சிறுநீரில் ரத்தம் நிற்காமல் போனாலும் கத்தியை முன்னால் கொண்டுவருவோம்.

போளூர் வாசகர்: மாமா சுனிட்டினிப் சாப்பிடுகிறார். உள்ளங்கால் கொப்பளிக்கிறது. பௌர்ணமி கிரிவலத்தை விடமாட்டேன் என்கிறார்.

வெறுங்காலில் 14 கிலோமீட்டரா! மருந்தால் வருவதுதான் அந்தக் கொப்பளம். சூடும் உராய்வும் அதைக் கிளறும். ஆட்டோவில் சுற்றட்டும், அண்ணாமலையார் கோபிக்கமாட்டார். பாதத்துக்கு யூரியா கிரீம், மெத்தென்ற செருப்பு. பி.பி., தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர் வாசகர்: ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். மாத்திரையை எப்போது நிறுத்துவது?

சுனிட்டினிப் என்றால் குறைந்தது 3 வாரம் முன்பு. அதே வகை மாத்திரையான ஆக்ஸிட்டினிப் என்றால் குறைந்தது 2 நாள் முன்பு. புது ரத்தக்குழாய் வளராமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை, அதனால் தையல் போட்ட இடமும் சரியாக ஆறாமல் போகலாம். புண் ஆறியபின்தான் மறுபடி தொடங்குவார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உங்கள் டாக்டரிடம் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள்.

காட்பாடி வாசகி: ஒரே கிட்னியோடு காலம் தள்ள முடியுமா?

மற்றது நன்றாக இருந்தால் தாராளமாக. மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மட்டும் விட்டுவிடுங்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.