கூரை ஒழுக்கு: டிரஸ்டிகள் பாரபட்சம் காட்டினால்

வணக்கம் சகோதரி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் அடுக்ககத்தில் உங்கள் வீட்டுக் கூரை மழைக்காலம் முழுக்க ஒழுக, உங்களுக்குப் பிறகு புகார் கொடுத்த டிரஸ்டிகளின் (அடுக்ககத்தை நிர்வகிக்கும் குழுவினரின்) பிளாக்கை முதலில் சரிசெய்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வயிறெரிகிறது.

கூரை பொதுச் சொத்து. அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது பாடி கார்ப்பரேட்டின், அதாவது எல்லா வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பின், சட்டக் கடமை. டிரஸ்டிகள் செய்யும் சலுகை அல்ல. தயவுசெய்து கோபத்தில் லெவியை (மாதப் பராமரிப்புக் கட்டணத்தை) மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வட்டியும் வழக்கும் உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் ஆவணங்களைக் கேளுங்கள். பழுதுக் கோரிக்கைகள், கொட்டேஷன்கள், டிரஸ்டி கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்று எழுத்தில் கேட்டால், உரிமையாளருக்கு 10 நாளுக்குள் காட்டியாக வேண்டும். யார் புகார் எந்தத் தேதியில் வந்தது, எது முதலில் முடிந்தது என்பது அதில் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவதைவிட இது நூறு மடங்கு மேல். விட்டத்தில் படர்ந்த ஈரக்கறையைத் தேதியோடு படம் எடுத்து, அந்தக் கடிதத்தோடு இணையுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? சமூகக் குடியிருப்புத் தகராறுகளுக்கென்றே 2011ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பு) சேவை, சிஎஸ்ஓஎஸ் (CSOS), இருக்கிறது. அங்கே புகார் கொடுங்கள். வக்கீல் தேவையில்லை. உள்ளுக்குள் பேசித் தீர்க்க முயன்றதற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுங்கள். வீடு உங்கள் அம்மா பெயரில் இருந்தால், கடிதத்திலும் புகாரிலும் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.