சொன்னாரா, சொல்லிக்கொண்டாரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்றை உண்மை என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஸ்டேட், கிளெய்ம், அசர்ட், அஃபர்ம் என்று பல வினைச்சொற்கள் இருக்கின்றன. அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் ‘கூறு’, ‘உறுதியாகக் கூறு’ என்றே போட்டிருக்கிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டாமல் இருக்க இவற்றை மாற்றி மாற்றிப் போடலாமா?

பதில்: கூடாது. ஆங்கிலக் கட்டுரைகளில் அதிகம் கெடும் இடமே இதுதான். ஒருவர் சொன்னதை நீங்கள் நம்புகிறீர்களா, சந்தேகிக்கிறீர்களா, ஒதுங்கி நிற்கிறீர்களா என்பதை இந்த வினைச்சொற்கள் வாசகரிடம் போட்டுக்கொடுத்துவிடும்.

தமிழிலேயே பாருங்கள். ‘தான் மருத்துவர் என்று சொன்னார்’ என்பது ஒன்று; ‘தன்னை மருத்துவர் என்று சொல்லிக்கொள்கிறார்’ என்பது வேறு. அந்தக் ‘கொள்’ வந்ததுமே கேட்பவர் புருவம் உயர்கிறது. கிளெய்ம் செய்யும் வேலை கிட்டத்தட்ட அதுதான். ஆதாரம் இன்னும் வரவில்லை, பொறுப்பு அவருடையது என்று அது கைகாட்டிவிடுகிறது. ஓர் அமைச்சர் சொன்னதற்கு ‘செட்’ என்றும் அவரை எதிர்ப்பவர் சொன்னதற்கு ‘கிளெய்ம்ட்’ என்றும் எழுதினால், செய்தியாளர் எந்தப் பக்கம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

ஸ்டேட் நிறமற்றது, ஆனால் விறைப்பானது. படிவம், வாக்குமூலம், ஒப்பந்தம், அறிக்கை ஆகியவற்றுக்குப் பொருந்தும். ‘பசிக்கிறது’ என்று ஒருவர் சொன்னதற்கு ஸ்டேட் போட்டால் சிரிப்புத்தான் வரும்.

அசர்ட் என்றால் அடித்துச் சொல்வது. குரலில் உறுதி இருக்கும். சான்று இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால்தான் எதிர்த்தரப்பு வாதத்தை ‘வெறும் அசர்ஷன்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடிகிறது. உரிமையை நிலைநாட்டுவதற்கும் இதே சொல்தான். சி மொழியில் நிரல் எழுதுபவர்களுக்கும் இது பழக்கம்: ‘இந்த இடத்தில் இது உண்மையாக இருந்தே தீர வேண்டும்’ என்று அசர்ட் போட்டு வைத்தால், சோதனை ஓட்டத்தில் அது பொய்யாகும்போது நிரல் அங்கேயே நின்றுவிடும்.

அஃபர்ம் வருவதற்குப் பெரும்பாலும் முன்னால் ஏதாவது இருக்க வேண்டும்: ஒரு கேள்வி, ஒரு ஐயம், ஒரு பழைய தீர்ப்பு. அதற்கு ‘ஆம்’ என்று முத்திரை வைப்பது அஃபர்ம். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் உறுதிசெய்வதற்கு இதுவே சொல். கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதவர் உறுதிமொழி எடுப்பதும் இதுதான். அமெரிக்க அரசியல் சாசனம் அதிபரின் பதவிப் பிரமாணத்திலேயே ஸ்வேர், அஃபர்ம் இரண்டையும் தந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. யாருமே கேட்காத புதுச் செய்தியை அறிவிக்க அஃபர்ம் போடாதீர்கள்.

குழப்பமாக இருந்தால் ‘ஸே’ போடுங்கள். ஒரு பக்கத்தில் பத்து முறை ‘செட்’ வந்தாலும் யார் கண்ணிலும் உறுத்தாது. பத்து விதமான சொற்கள் வந்தால் உறுத்தும்.

கேள்வி: கிளெய்ம் என்றாலே சந்தேகம்தானா?

பதில்: வினைச்சொல்லாக வந்து அடுத்தவர் பேச்சைத் தெரிவிக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான். காப்பீட்டு கிளெய்மில் அந்த வாடை இல்லை. காப்புரிமை விண்ணப்பத்தில் கிளெய்ம்ஸ் என்ற பகுதிதான் பாதுகாப்பின் எல்லையையே வரையறுக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் ‘வீ கிளெய்ம்’ என்று எழுதுபவரும் தன்னையே சந்தேகிப்பதில்லை.

இலக்கணத்தில் ஒரு வசதி இதற்கு உண்டு. பார்த்ததாகச் சொல்பவரும் பார்த்தவரும் ஒரே ஆளானால் ‘கிளெய்ம்ஸ் டு ஹேவ் சீன்’ என்று சுருக்கிவிடலாம். ஸ்டேட், அசர்ட் இரண்டையும் அப்படி வளைக்காதீர்கள். அவற்றுக்குப் பின் ‘தட்’ போட்டு முழு வாக்கியம் வர வேண்டும்.

கேள்வி: ஆராய்ச்சி மாணவி நான். முந்தைய ஆய்வு ஒன்றைப் பற்றி எழுதும்போது ‘பாயின்ட்ஸ் அவுட்’ என்று போட்டேன். அடுத்த பத்தியில் அதே ஆய்வை மறுத்திருக்கிறேன். ‘முரண்’ என்று நெறியாளர் வட்டமிட்டுவிட்டார். ஏன்?

பதில்: நெறியாளர் சொல்வது சரி. ‘அவர் வந்ததாகச் சொன்னார்’ என்றால் அவர் வராமலும் இருந்திருக்கலாம். ‘அவர் வந்ததைச் சொன்னார்’ என்றால் வந்தது நடந்த விஷயம்; அதை நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். பாயின்ட் அவுட், ரிவீல் எல்லாம் ‘வந்ததை’ வகை. பால் கிபார்ஸ்கியும் கரோல் கிபார்ஸ்கியும் 1970இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பிரிவினையை மொழியியலில் நிலைக்கவைத்தது. அசர்ட், கிளெய்ம், அலெஜ் (நிரூபிக்காமல் குற்றம் சாட்டுவது), மெயின்டெய்ன் நான்கும் அவர்கள் பிரிப்பில் ‘வந்ததாக’ பக்கம்தான் நிற்கின்றன.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: வினையை எதிர்மறையாக்குங்கள். ‘பாலம் பலவீனம் என்று அவர் பாயின்ட் அவுட் செய்யவில்லை’ என்றாலும் பாலம் பலவீனமாகவே இருக்கிறது. ‘கிளெய்ம் செய்யவில்லை’ என்று மாற்றினால் பாலத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

நீங்கள் மறுக்கப்போகும் ஆய்வுக்கு ஆர்க்யூ, சஜெஸ்ட் போதும். அளவீட்டு முடிவுகளுக்கு ரிப்போர்ட். ஷோ, டெமான்ஸ்ட்ரேட் இரண்டும் உங்களையும் சேர்த்துக் கட்டிப்போடும். ப்ரூவை கணிதக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘அலெஜ்ட்லி’ என்று சேர்த்துவிட்டால் அவதூறு வழக்கிலிருந்து தப்பிக்கலாமா?

பதில்: அது கவசம் இல்லை. அடுத்தவர் சுமத்திய பழியை எடுத்துச் சொல்வதும் பழி சுமத்துவதுதான் என்று கருதும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. யார் குற்றம் சாட்டினார், எங்கே, எந்தப் புகாரில் என்பதை எழுதுங்கள். அதற்குப் பிறகு அலெஜ்ட்லிக்குத் தேவையே இருக்காது.

இன்னொன்று, அது ஒட்டும் இடம். கொலை நடந்தது உறுதி, செய்தவர் யார் என்பதுதான் தெரியவில்லை என்றால் ‘அலெஜ்ட் மர்டர்’ தவறு. ஐயம் ஆளைப் பற்றியது, சம்பவத்தைப் பற்றியது அல்ல. குற்றமல்லாத செயலுக்கு அலெஜ் போடுவதும் விபரீதம். ஒருவர் நன்கொடை கொடுத்ததை அலெஜ் செய்தால், அதில் ஏதோ வில்லங்கம் என்றாகிவிடும்.

கேள்வி: மெயின்டெய்ன், இன்சிஸ்ட் – இரண்டும் ஒன்றா?

பதில்: அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் மறுத்தாலும் சொன்னதையே சாதிப்பது மெயின்டெய்ன். இன்சிஸ்டில் சூடு கூடுதல். அதோடு இரண்டு பொருள். ‘இன்சிஸ்டெட் தட் ஹி வாஸ் தேர்’ என்றால் அவன் அங்கே இருந்தான் என்று சாதித்தார். ‘தட் ஹி பி தேர்’ என்றால் அவன் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். வாஸ், பி என்ற ஒரு சொல் மாறியதில் சாட்சி கட்டளையாகிவிட்டது.

கேள்வி: ‘ஸ்டேட்டெட் மீ தட்’ என்று எழுதினால் ஏன் தவறு?

பதில்: ஸ்டேட், ஸே, கிளெய்ம், அசர்ட் எதுவும் கேட்பவரை நேராக ஏற்காது; ஸே, ஸ்டேட் இரண்டுக்கும் கேட்பவரைச் சேர்க்க வேண்டுமானால் நடுவில் ‘டு’ வேண்டும். டெல், அஷ்யூர், இன்ஃபார்ம் மூன்றும் நேர்மாறு. ‘தட்’ போட்டு எழுதும்போது அவற்றுக்கு ஆள் கட்டாயம்: ‘அஷ்யூர்ட் மீ தட்’ சரி, ‘அஷ்யூர்ட் தட்’ பிழை.