கப்பலில் நடப்பதற்குப் பதினெட்டாயிரம் ரூபாயா?

கேள்வி: எனக்கு வயது 62. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் எடுத்துக்கொள்கிறேன். தினமும் விடியற்காலை 5.30க்குக் கிளம்பி 45 நிமிடம் நடப்பதால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. படியிறங்கும்போது மட்டும் வலது முழங்கால் வலிக்கும். அடுத்த மாதம் மனைவியுடன் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிறேன். கப்பலில் நாள் முழுக்கச் சாப்பாடு என்கிறார்கள். நடையும் நின்றுபோய்ச் சர்க்கரை ஏறிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. ஜிம், யோகா எல்லாம் சேர்ந்த ‘வெல்னஸ் பேக்கேஜ்’ இருவருக்கும் 18,000 ரூபாய், அதைக் கட்டாவிட்டால் ஜிம்முக்குள் விடமாட்டார்கள் என்கிறார் டிராவல் ஏஜென்ட். கட்டலாமா? பயணத்துக்கென்று புது ஷூவும் வாங்கி வைத்திருக்கிறேன். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி)

பதில்: கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

பெரிய சொகுசுக் கப்பல்களில் ஜிம்முக்குள் போவதற்கான கட்டணம் பொதுவாக டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடும். அறைச் சாவி அட்டையும் முன்பக்கம் மூடிய ஷூவும் இருந்தால் போதும். தனிக் கட்டணம் வசூலிப்பது பயிற்சியாளர் நடத்தும் யோகா, பிலாட்டஸ், சைக்கிள் வகுப்புகளுக்குத்தான். வேண்டுமென்றால் கப்பல் ஏறிய பிறகு, ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிக்கொள்ளலாம். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு இப்போதே மொத்தமாகக் கட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, ஏஜென்டுக்குத்தான் இருக்கிறது. “இந்தப் பேக்கேஜ் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் எந்தப் பெயரில் இருக்கிறது, காட்டுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் நோயாளிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அன்று மாலையே “சிறப்புச் சலுகையாக” அந்தத் தொகை பாதியாகியிருக்கிறது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். அதில் பாதி வீண், பாதி நியாயம். ஐந்து நாள் நடக்காவிட்டால் இத்தனை ஆண்டுகள் நடந்து சேர்த்த பலம் கரைந்துவிடாது. மூச்சுத் திறன் கண்ணுக்குத் தெரியும்படி குறையவே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும், தசை பலம் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் சர்க்கரையின் கணக்கு வேறு. இன்று நடந்த நடை உங்கள் சர்க்கரையைப் பிடித்து வைப்பது ஒன்றிரண்டு நாளைக்குத்தான். ஆகவே கப்பலிலும் தினமும் நடக்க வேண்டும். ஆனால் ஊரில் நடப்பது போலவே நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உங்களைப் போன்ற சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதா, மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிடம் நடப்பதா என்று ஒப்பிட்டார்கள். நடந்த நிமிடங்கள் இரண்டிலும் ஒன்றுதான். சாப்பிட்டபின் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் அது 22 சதவீதம். கப்பலுக்கென்றே செய்த ஆய்வு போல இருக்கிறது, இல்லையா? அங்கே இரவு உணவுதான் விருந்து. விருந்து முடிந்ததும் எல்லோரும் நாற்காலி பிடிக்க அரங்கத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் இருவரும் தளத்துக்குப் போய்ப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பாட்டும் நடனமும் அதற்குள் தீர்ந்துபோகாது.

விடியற்காலை நடையை அங்கேயும் அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தால் ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உங்கள் உடம்புக்கு 5.30 என்பது கப்பலில் 8 மணி. அப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், பஃபே வாசலில் கூட்டமும் நிற்கும். அங்கே சூரியன் உதிப்பதே 7 மணிக்குத்தான். 7 மணிக்கு முன்னும் பின்னுமாகக் கொஞ்ச நேரம் நடங்கள். கீழே ஆட்கள் தூங்கும் அறைகள் இருந்தால் அதிகாலையில் ஓடுவதற்குத் தடை போட்டிருப்பார்கள். மெல்ல நடப்பதற்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

எங்கே நடப்பது? ஏறிய அன்றே தளங்களின் வரைபடத்தைப் பாருங்கள். உச்சித் தளத்தில் ஓடுபாதை இருக்கும். சில கப்பல்களில் கீழ்த் தளம் ஒன்றில் கப்பலைச் சுற்றி நடைபாதையும் இருக்கும். இரண்டும் இருந்தால் கீழே உள்ளதே மேல். அங்கே நிழல் உண்டு, காற்று முகத்தில் அறையாது, ஆட்டமும் குறைவு. சுற்றின் நீளம் கப்பலுக்குக் கப்பல் மாறும். ராயல் கரீபியனின் ஒயாசிஸ் வகை ராட்சதக் கப்பல்களில் ஒரு சுற்று ஏறக்குறைய 700 மீட்டர். சிறிய கப்பல்களில் மயக்கம் வருமளவுக்குச் சுற்ற வேண்டியிருக்கும். எத்தனை சுற்று ஒரு கிலோமீட்டர் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். நீங்கள் சுற்றை எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள்.

முழங்கால் வலிக்கு ஒரே விதி: ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். இறங்கும்போதுதான் மூட்டில் பாரம் கூடுகிறது, வலியும் அப்போதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மூன்று மாடிக்கு மேல் ஒரே மூச்சில் ஏற வேண்டாம். கைப்பிடியை விட வேண்டாம். அறையில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் அதே அளவு செய்யுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். பலத்துக்கு இதற்கு மேல் அந்த ஐந்து நாளில் எதுவும் தேவையில்லை.

ஜிம்மைப் பார்க்க ஆசை இருந்தால் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் போங்கள், காலியாகக் கிடக்கும். பல கப்பல்களில் ஜிம்மை மூக்குப் பகுதியில், உயரத்தில் வைத்திருப்பார்கள். கடல் அழகாகத் தெரியும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான நீர்தான். இருந்தாலும் நகரும் கப்பலில் நகரும் பட்டையின் மீது 62 வயதில் நடந்து பார்க்க வேண்டாம். உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் போதும்.

ஜிம்முக்குப் பக்கத்திலேயே ஸ்பா இருக்கும். அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கப்பல்களின் ஸ்பாவை, பல இடங்களில் ஜிம்மையும் சேர்த்து, வேறொரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. அங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் விற்பனை இலக்கு உள்ளவர்கள். முதல் நாளே “இலவசக் கருத்தரங்கு” என்று அறிவிப்பு வரும். வயிறு உப்புசம் ஏன், உடலில் நச்சு சேர்வது எப்படி, நடை சரியா என்று விதவிதமான தலைப்புகள் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒன்றில் போய் உட்கார்ந்தேன். ஓர் இயந்திரத்தின் மேல் ஏறி நிற்கச் சொல்லி, ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்து, என் உடலில் நீர் தேங்கியிருக்கிறது, நச்சு நிறைய இருக்கிறது என்றார் ஒரு தம்பி. கடற்பாசி மாத்திரை மூன்று மாதம் சாப்பிட வேண்டுமாம். நான் மருத்துவன் என்று சொன்ன பிறகும் அவர் விடவில்லை, டாக்டர்களுக்குத் தனித் தள்ளுபடி உண்டு என்றார்!

அந்த இயந்திரம் செய்வதெல்லாம் லேசான மின்சாரத்தைச் செலுத்தி, உடலில் உள்ள நீரைக் கொண்டு கொழுப்பைக் கணக்கிடுவதுதான். விமானத்தில் உட்கார்ந்து கால் வீங்கி, உப்பான சாப்பாடு சாப்பிட்டு, தண்ணீர் குறைவாகக் குடித்து வந்தவரை நிறுத்தினால் கணக்கு எப்படி இருக்கும்? நச்சை அளக்கும் கருவியே அது இல்லை. உடலின் கழிவைச் சுத்தம் செய்யக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. இரண்டும் கட்டணம் கேட்பதில்லை. அடுத்த அறையில் பாதத்தைப் படம் பிடித்து ஷூவுக்குள் வைக்கும் அட்டையை விற்பார்கள். வாங்கினால் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் சேர்ந்து அறைக் கணக்கில் ஏறும். பணம் கையை விட்டுப் போவதே தெரியாது, கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் பில் கிடக்கும்.

இனி மிக முக்கியமான ஒன்று. உங்கள் மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும் என்றால் என் பதில் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதில் கிளிமிபிரைடும் இருக்கிறது. அது நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். எல்லோரும் கப்பலில் சர்க்கரை ஏறும் என்று பயப்படுகிறார்கள். உங்களுக்கு நான் பயப்படுவது கரையில் அது இறங்கிவிடுமே என்றுதான்.

புக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். படகுக்கு வரிசை, பேருந்துக்கு வரிசை, அப்புறம் வெயிலில் கோயில், கடை என்று நடை. காலை மாத்திரை வேலை செய்துகொண்டே இருக்கும், மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போகும். போதாததற்குத் தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் கடிகாரமா, கரைக் கடிகாரமா என்று குழம்புவதற்கும் அங்கே இடம் உண்டு. திடீரென்று வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் அது வெயில் என்று நினைத்து நிழல் தேடாதீர்கள். உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் போட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் அதே அளவு எடுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை மட்டுமே அறிகுறியாக இருக்கும். இதை உங்கள் மனைவியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது குழம்பிப்போகிறவர் நீங்கள், கவனிக்கப்போகிறவர் அவர்.

குளுக்கோஸ் பொட்டலமும் பிரிக்காத பிஸ்கட்டும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பஃபேயிலிருந்து வாழைப்பழம் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள், பழங்களைக் கரைக்குக் கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள். நீண்ட நடைக்கு முன் சர்க்கரை 100க்குக் குறைவாக இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கரை இறங்கும் நாட்களில் மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். மதுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வெறும் வயிற்றில் குடித்தால் இந்த மாத்திரையுடன் சேர்ந்து இரவில் சர்க்கரையை இறக்கும். மாத்திரை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மாலையோ இரவோ ஆகிவிடும்.

பினாங்கில் அவர்கள் விற்கும் பேருந்துச் சுற்றுலா எதற்கு? கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நின்றால் ஜார்ஜ்டவுனின் பழைய நகரம் நடக்கும் தூரம்தான். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அதைச் சுற்றியே குட்டி இந்தியாவும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. உங்கள் 45 நிமிடக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும், பசித்தால் உடனே சாப்பாடும் கிடைக்கும். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க ஆசை வரும். அங்கே ஐந்நூறுக்கு மேல் படிகள், இறங்குவதற்கு லிஃப்ட் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்தே கும்பிட்டுவிடுங்கள்.

பயணக் காப்பீட்டைப் பற்றியும் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஏஜென்ட் எப்படிப்பட்டவர் என்று தெரிந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. விண்ணப்பத்தில் சர்க்கரை நோய் உண்டா என்ற கட்டத்தைப் பிரீமியம் கூடுமே என்று ஏஜென்டே “இல்லை” என்று நிரப்பிவிடுவது எனக்குத் தெரிந்து பலமுறை நடந்திருக்கிறது. கப்பல் மருத்துவரைப் பார்த்தால் கட்டணம் அறைக் கணக்கில் ஏறும், அதைக் காப்பீட்டில் திரும்பக் கேட்கப்போனால் அந்த “இல்லை” உங்கள் கையெழுத்தோடு முன்னால் வந்து நிற்கும். ஆளைப் பார்க்காமலே உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படம் அனுப்பிய ஏஜென்டும் உண்டு. விண்ணப்பத்தின் நகலை வாங்கி நீங்களே வரி வரியாகப் படியுங்கள். வங்கியில் இருந்தவர், சின்ன எழுத்தைப் படிக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலிலிருந்து கரை மருத்துவமனைக்கு மாற்றும் செலவு அதில் அடங்குகிறதா என்பதை மட்டும் தனியாகப் பாருங்கள்.

புது ஷூவைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். நாளைக் காலை நடையில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 11 ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம், கொப்புளம் வந்தாலும் தெரியாது. கப்பலில் நீச்சல்குளத்தருகே சுடும் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். தினமும் இரவு படுக்கும் முன் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். குனிய முடியாவிட்டால் மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள்.